பாகு பெரியவளுக்கு, காரம் சின்னவளுக்கு

உழவர் சந்தை என்று அரசாங்கம் பெயர் வைத்துப் பலகை மாட்டுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அம்பத்தூரில் எங்களுக்கு ஓர் உழவர் சந்தை இருந்தது. பலகை மட்டும்தான் இல்லை. ஞாயிறு காலையில் வெள்ளானூர்ப் பக்கத்து விவசாயிகள் கீரையும் கத்தரிக்காயும் கொண்டுவந்து, சாலையோரத் திடலில் கோணியை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். மழை பெய்தால் சந்தை இல்லை. டிவியில் கிரிக்கெட் இருந்தால் கூட்டம் இல்லை.

நான் அங்கே போக ஆரம்பித்தது 1993இல். 92 என்று என் நண்பன் இன்றும் சாதிக்கிறான். நாங்கள் மேனாம்பேட்டுக்குக் குடிவந்ததே 93 பொங்கலுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அந்தத் திடலுக்கு வர எனக்கு என்ன வேண்டுதலா? ஆகவே 93.

நண்பன் மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், இருவருக்கும் ஒரே கம்பெனி. அவன் லேத்தில், நான் ஸ்டோர்ஸில். காய் வாங்கப் போகிறோம் என்று என் மனைவியிடம் சொல்லி என்னை அழைத்துப் போனான். காய் வாங்குவது வீடு திரும்பும்போது நினைவு வந்தால் உண்டு.

கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் நான், கல்வெட்டுத் தொகுதியிலிருந்து பொட்டலம் மடித்த காகிதம் வரை. ஆனால் அந்தத் திடலில் விற்ற பண்டங்களை எதிலும் படித்ததில்லை. இஞ்சி, வெல்லம், பச்சை மிளகாய் மூன்றையும் சேர்த்து இடித்த உருண்டை ஒன்று உண்டு. முதல் உருண்டையைத் தின்றபோது காதுக்குள் ஏதோ கதவு திறந்தது போலிருந்தது. பிறகு கொஞ்ச நேரம் எல்லோரும் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மிளகுப்பொடியில் புரட்டிய பனங்கிழங்கோடு ஒரு துண்டு கருப்பட்டியும் தருவார் ஒரு தாத்தா. இது ஒரு கடி, அது ஒரு கடி என்று அவரே ஆட்காட்டி விரலால் தாளம் போடுவார். நாம் கடி மாறினால் கோபித்துக்கொள்வார்.

ஆனால் இவையெல்லாம் களாக்காய்க்கு முன்னால் நிற்காது.

வெள்ளானூர் மேட்டில் அந்நாளில் களாப் புதர்கள் ஏராளம். காய் கொட்டைப்பாக்கு அளவுதான். அப்படியே கடித்தால் பால் உதட்டில் ஒட்டும், புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். அதைக் கீறி, வெல்லப்பாகில் ஊறப்போட்டு, பூவரச இலையில் வைத்து விற்றாள் ஒருத்தி. அவளுக்கு நாலு கோணி தள்ளி உட்கார்ந்த இன்னொருத்தி வெள்ளரிப் பிஞ்சும் மாங்காய்க் கீற்றும் விற்றாள். அவற்றுக்குத் தொட்டுக்கொள்ள, சுட்ட மிளகாயும் கல்லுப்பும் ஓமமும் சேர்த்து நுணுக்கிய காரத்தைச் சிறு பொட்டலமாகக் கொடுப்பாள். பாகில் ஊறிய களாவை அந்தக் காரத்தில் ஒற்றி வாயில் போட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் சொல்வது கடினம். நண்பன் முதல் தடவை சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான்.

ஆனால் ஒற்றுவது ஒளிவாக நடக்கவேண்டிய காரியம். நண்பன் முன்கூட்டியே எச்சரித்தான்.

"மச்சான், பாகு வாங்கிகினு நேரா சின்னவகிட்ட போகாத. ஒரு ரவுண்டு அடிச்சுட்டுப் போ. பெரியவ பாத்துட்டான்னா அடுத்த வாரம் உனக்குத் தர மாட்டா."

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். இருவருக்கும் பேச்சு கிடையாது. பாகும் காரமும் சேர்த்த முழுப் பண்டம் அவர்கள் மாமியாருடையது. மாமியார் போனபின் சொத்தைப் பிரிக்க ஊர்ப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்தார்கள். நிலம் பாதி பாதி, வீட்டுக்கு நடுவில் சுவர். கிணறு மட்டும் பொது. கடைசியில் களாக்காய் வந்தது. இருவரும் அதுவே எனக்கு வேண்டும் என்றார்கள். பெரிய மனிதர்கள் அதையும் பிரித்துவிட்டார்கள்: பாகு பெரியவளுக்கு, காரம் சின்னவளுக்கு. சோழர் காலத்து ஓலை நாயக அதிகாரிகள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பங்கு போட்டதாக நான் படித்ததில்லை.

ஆகவே திடலின் பின்பக்கம் தண்ணீர்த்தொட்டிக்கு மறைவில் ஞாயிறுதோறும் ஒரு சின்னக் கூட்டம் கூடும். ஒரு கையில் பூவரச இலை, மறு கையில் பொட்டலம். பேங்க் காசாளர் ஒருவர் வருவார், பஸ் கண்டக்டர் ஒருவர் வருவார். யாரும் யாரிடமும் பேர் கேட்டதில்லை. கள்ளச் சாராயம் குடிப்பவர்கள்கூட எங்களைவிட நிம்மதியாகக் குடித்திருப்பார்கள்.

இது இரண்டு பருவம் நடந்தது. மூன்றாவது பருவத்தில், 95இல், சின்னவள் வரவில்லை. எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம், ஞாயிறும் வேலையாம். அவள் போனதும் தொட்டிக்குப் பின்னால் கூட்டம் கரைந்தது. வெறும் பாகில் களா நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாருக்கும் இரண்டாவது இலை வாங்கத் தோன்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியின் மிளகாய்ப்பொடியைத் தொட்டுப் பார்த்தேன். அது இட்லிப் பொடி. அதைப் பற்றி மேலும் எழுதப்போவதில்லை.

பெரியவளின் குண்டான் மதியம்வரை பாதிகூடக் குறையாமல் நின்றது. நிலத்தை அவள் வீட்டுக்காரர் மனைக்குக் கொடுத்துவிட்டார், கல் நட்டாயிற்று. அவள் கையில் மிஞ்சியது இந்தக் குண்டான் ஒன்றுதான். இந்த வருடத்தோடு அடுப்பை மூடிவிடுவதாக ஒருநாள் பக்கத்துக் கீரைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் களாக்காய் என்ற பண்டமே அத்தோடு போயிற்று. நண்பனுக்குப் பொறுக்கவில்லை. விழப்போகும் அடிக்குத் தயாராக ஓரடி தள்ளி நின்றுகொண்டு விஷயத்தை உடைத்துவிட்டான்: ஜனங்கள் வாங்கியது களாவை அல்ல, களாவையும் காரத்தையும்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தொட்டி பின்னால இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? வாயத் தொடச்சுகினு வந்து திரும்ப எங்கிட்டயே தண்ணி கேப்பீங்க."

எங்கள் இரண்டு வருட ரகசியம் இவ்வளவுதான். அப்படியானால் நீயே காரம் நுணுக்கிச் சேர்த்து விற்கலாமே, சின்னவள்தான் வருவதில்லையே என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான் யோசனை சொன்னேன். ஏதோ பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட நினைப்பு எனக்கு.

"ஏம்பா கண்ணாடி, அது அவ பங்கு. பெரிய மன்சங்க முன்னால தலய ஆட்டிட்டு வந்தேன். இப்ப அவ இல்லன்னு எடுத்துகினா அதுக்குப் பேரு இன்னா?"

"அக்கா, அது மொளகாதானே," என்றான் நண்பன்.

"மொளகான்னா பங்கு இல்லியா?"

சரி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கு என்றான். அவள் முகத்தில் போய் முழித்து நான் கேட்கவா என்று பெரியவள் எங்களை விரட்டிவிட்டாள். விற்காமல் போனாலும் போகட்டும், கேட்கமாட்டாள்.

நண்பன் ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அந்தத் துணிக் கம்பெனி வாசலில் சின்னவளைப் பிடித்தான். நானும் கூட நின்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்க ஓரகத்தி கேட்டு அனுப்புனாளா?"

இல்லை என்றான்.

"அப்ப நீ இன்னாத்துக்கு வந்த? காரம் இல்லாம தூக்கம் வர்லியா?"

அவள் தோழிகள் சிரித்தார்கள். பெரியவள் அடுப்பை மூடப்போகிறாள் என்று நண்பன் சொன்னபோது மட்டும் சின்னவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூடட்டுமே என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். தூதுபோன எங்களுக்கு டீ குடிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு போனால் பெரியவளின் குண்டான் பக்கத்தில் ஒரு டப்பா இருந்தது. எனக்கு இலையில் களா வைத்தவள், டப்பாவைத் திறந்து ஒரு பொட்டலத்தையும் எடுத்து என் கையில் திணித்தாள். பிரிக்கும் முன்பே ஓம வாசனை வந்தது.

கேட்டாயா என்றான் நண்பன்.

"நான் ஏன் கேக்கறேன்? கெணத்து மேல கெடந்துச்சு. கெணறு பொது. பொதுல கெடந்தத எடுத்தா எவன் கேப்பான்?"

"அப்ப அவளுக்கு?"

"நானும் ஒரு சட்டி பாகு கெணத்து மேல வெச்சிருந்தேன். காலைல காணோம். காக்கா தூக்கிகினு போயிருக்கும்."

"சட்டியோடவா?"

"காக்காவுக்கு இன்னா தெரியும்," என்றாள்.

நாங்கள் அங்கேயே நின்று ஒரு களாவை எடுத்துக் காரத்தில் ஒற்றப்போனோம். பெரியவள் கரண்டியை ஓங்கினாள்.

"இங்க இல்ல. தொட்டி பின்னால போய்த் தின்னுங்க. என் கண்ணு முன்னால அத ஒண்ணா சேக்காதீங்க."

போனோம். காசாளர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்.