ஹோபார்ட் போய் வந்த பாபின்

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் கால்வாயோரம் உள்ள நெசவாளர் வீட்டு வரிசையில் டோரீன் எனக்குப் பக்கத்து வீடு. கீழே குடித்தனம், மேல்மாடியில் ரிப்பன் தறி என்று விக்டோரியா ராணி காலத்தில் கட்டியவை. தறிகள் எப்போதோ போய்விட்டன. செங்குத்தான மாடிப்படி மட்டும் இன்னும் எங்கள் முழங்காலை வாங்குகிறது. டோரீனின் மகன் நைஜல் சின்ன வயதில் அந்தப் படியில்தான் உருண்டான். மேலே பலகை இடுக்கில் கிடைத்த, தறி நூல் சுற்றும் மரப் பாபினை அம்மாவிடம் காட்ட ஓடிவந்த வேகம். இடது புருவம் கிழிந்து, அந்த இடத்தில் பிறகு முடியே முளைக்கவில்லை. அவ்வளவு ரத்தத்திலும் பயல் பாபினைக் கையிலிருந்து விடவில்லை.

பெட்டி ஒளிக்கும் விளையாட்டை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். ஜியோகேச்சிங் என்பார்கள். ஒருவர் ஒளித்துவைத்து இடத்தை இணையத்தில் போட்டால், ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். பழைய எஞ்சின் கொட்டகைச் சுவரில், ஆடுகிற செங்கல்லுக்குப் பின்னால் அம்மாவும் மகனும் ஒரு தகர டப்பாவை வைத்தார்கள். வளர்ந்த மனுஷர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நான் கேலி செய்தேன்.

அப்பாவின் சாவுக்கு நைஜல் குடித்துவிட்டு வந்தான். எல்லார் முன்னாலும், "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்றாள் டோரீன். அவன் மிதிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், ஹோபார்ட்டுக்கே போய்விட்டான். போன் செய்தால் எடுப்பதில்லை.

அவள் அந்தப் பாபினில் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கட்டி டப்பாவில் போட்டாள். "ஹோபார்ட் போக வேண்டும்" என்று மட்டும் இணையத்தில் எழுதினாள். இப்படிப்பட்ட பொருளை விளையாடுகிறவர்கள் ஒரு டப்பாவிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுப் போட்டு, சேர வேண்டிய ஊரில் சேர்ப்பார்கள். அங்கேயும் டப்பா தேடப் போகும் நைஜல் கண்ணில் பட்டால் அம்மா கூப்பிடுகிறாள் என்று அவனுக்குப் புரியும்.

"ஏண்டி, தபால்ல போட்டா ஒரு வாரத்துல போயிடுமே?" என்றேன்.

"போட்டேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டான்."

பாபின் ஓஸ்லோ போனது, சிங்கப்பூர் போனது. வருஷக்கணக்கில் சுற்றி, ஒருவழியாக ஹோபார்ட் கடற்கரையில் ஒரு டப்பாவில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மார்ச்சில் மழை விட்டதும் டப்பாவைத் துடைக்கப் போனவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் பாபின்.

"வந்துட்டான்டி! அவனத் தவிர வேற யாரு இத இங்க கொண்டாந்து போடுவா? கதவத் தட்டக் கூச்சம், கழுதைக்கு!"

நான் எதற்கும் குதர்க்கம் பேசுகிறவள். எனக்கும் அது நிஜமாக இருந்தால் போதும் என்றிருந்தது. அவள் அவன் அறையைத் திறந்து காற்றாட விட்டாள், இஞ்சிக் கேக் சுட்டாள், வாசல் கதவைத் தாழிடாமலே வைத்திருந்தாள்.

மறுநாள் மழைச்சட்டை போட்ட ஒரு வயதான தம்பதி, பெட்டிக்காரம்மா வீடு எது என்று என்னிடம் கேட்டார்கள். நான்தான் கூட்டிப் போனேன்.

"பாபின நேத்தே டப்பாவுல போட்டுட்டோம்மா," என்றார் அவர். "உங்க முகத்தப் பாக்காம ஊருக்குப் போக மனசு வரல."

கேக் வெட்ட எடுத்த கத்தியை டோரீன் கீழே வைத்தாள். அதைக் கவனிக்காமல் அந்த அம்மாள் உற்சாகமாகத் தொடர்ந்தாள்.

"ஹோபார்ட்ல ஒருத்தர் பாறை மேல உக்காந்து இதையே உருட்டி உருட்டிப் பாத்துட்டு இருந்தாரு. நாங்க இங்கிலாந்துன்னதும் எங்க கையில குடுத்துட்டாரு. 'எனக்கு வேணாம், கிளம்பின எடத்துலயே போட்டுடுங்க'ன்னாரு. அச்சு அசல் உங்க ஊர்ப் பேச்சு!"

"எடது புருவத்துல…"

"ஆமா, பாதி முடி இல்ல! உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல கண்ணு. தெரியாது," என்றாள் டோரீன். "கேக் எடுத்துக்கோங்க."

பாவிகள், ருசித்துச் சாப்பிட்டார்கள். இரண்டாவது துண்டும் கேட்டார்கள். நல்ல காரியம் செய்த நிறைவோடு போனார்கள்.

டோரீன் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். எனக்கு அழுகை தாங்கவில்லை. அவள் என் எதிரே உட்கார்ந்து மேஜையில் சிந்திய கேக் தூளைக் கையால் கூட்டினாள்.

"போய்ச் சேந்துடுச்சு பாத்தியா," என்றாள். "அவன் கையிலயே சேந்துடுச்சு."