மூக்கில் சொட்டிய தண்ணீரும் அம்மாவின் தூக்கமும்

நேற்று ராத்திரி மாஸ்க்கைக் கழற்றாமல் விடியும்வரை தூங்கினேன்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். எனக்கு இது பெரிய செய்தி!

கடத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாகவே பகலில் கண் சொருகிக்கொண்டு வரும். ஒரு நாள் ஜாக்கெட் தைக்கும்போது அப்படியே தூங்கிவிட்டேன். ஊசி விரலில் இறங்கிய பிறகுதான் விழித்தேன்.

தர்மபுரி டாக்டர் விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, என் குறட்டையைப் பற்றி விசாரித்தார். கூட வந்த என் வீட்டுக்காரர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். (இத்தனை வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தார் போல.)

டெஸ்ட் எடுத்ததில், தூக்கத்தில் தொண்டை அடைத்து எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று தெரிந்தது. சிபேப் மெஷின் எழுதிக் கொடுத்தார். மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைக்கும். இது இல்லாமல் தூங்கினால் இதயத்துக்கு ஆபத்து என்று சொல்லித்தான் அனுப்பினார்.

முதலில் மூக்கு வறண்டு ரத்தம் வந்தது.

அதற்காகவே மெஷினில் ஒரு தண்ணீர்ப் பெட்டி உண்டு. தண்ணீர் சூடாகி, காற்று ஈரமாக வரும். ஆவி என்றதும் நம் புத்தி எங்கே போகும்? சளிக்கு ஆவி பிடிப்பதுபோல நீலகிரித் தைலத்தை அதில் சொட்டவிட்டேன்!

கண் எரிந்து, தொண்டை எரிந்து, இருமியே விடிந்தது. மெஷின் விற்றவருக்கு போன் போட்டேன். பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினார்.

"அக்கா, அதுல டிஸ்டில்டு வாட்டரத் தவிர ஒண்ணும் ஊத்தாதீங்க. உங்கூரு போர் தண்ணியும் வேணாங்க, வெள்ளையா படிஞ்சிரும்."

பெட்டியை நன்றாகக் கழுவினேன். வறட்சிக்குப் பயந்து ஈரத்தை உச்சத்தில் வைத்தேன். தை மாதக் குளிரில் அந்த ஈரமெல்லாம் குழாய்க்குள் தண்ணீராகிவிட்டது. கொடகொடவென்று சத்தம். தூக்கத்தில் மூக்குக்குள் தண்ணீர் சொட்டியதும் கிணற்றில் விழுந்தவள் மாதிரி அலறி எழுந்தேன்.

போதும் என்று மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வீட்டுக்காரர் திட்டவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இவர் கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, "உனக்கு மூச்சு நிக்குது. மறுபடி வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வர்லம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் அரூரிலிருந்து சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய், எண்பதுகளில் நடந்த கல்யாணங்களுக்கு வந்தது.

"உங்கம்மா மாதிரி ஒழைக்க இப்ப ஆளேதுங்க? ராவெல்லாம் படுக்காம காய் அரிவாங்களே."

உண்மைதான். கல்யாண வீட்டில் பெண்களெல்லாம் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்பார்கள். அம்மா மட்டும் அரிவாள்மணையோடு விறகடுப்புப் பக்கம் போய்விடுவாள். நான் சின்னவள், வந்து படு என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

"நான் கொறட்ட உடுவேன் கண்ணு. நாலு பேரு சிரிப்பாங்க."

எல்லோரும் உழைப்பாளி என்றார்கள். பகலில் களி கிண்டும்போதே கண் சொருகினால் அதே ஆட்கள் தூங்குமூஞ்சி என்றார்கள். எண்பதுகள் முடிவதற்குள் ஒரு நாள் தூங்கப்போன அம்மா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்று ஊரே சொன்னது. அன்றைக்கு நானும் அப்படியே நம்பினேன்.

அவளுக்கும் இதே வியாதிதானா, இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு வந்தவர்கள் பயந்துபோனார்கள்.

மறுநாள் மெஷினை வெளியே எடுத்தேன். விற்றவர் போனில் சொல்லச் சொல்ல ஈரத்தைக் குறைத்தேன். தண்ணீர் திரும்பி மூக்குக்கு வராதபடி மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஸ்டூலில் வைத்தேன். குழாய் குளிராமல் இருக்க, கடையில் மிஞ்சிய ஸ்வெட்டர் துணியில் நீளமாக உறை தைத்து மாட்டினேன். (தையல்காரி, இதைக்கூடவா செய்ய மாட்டேன்?)

அன்றைக்கும் கொஞ்சம் சொட்டியது. ஈரத்தை இன்னும் குறைத்தேன். நேற்று ஒரு சொட்டு இல்லை. மூக்கும் வறளவில்லை. காலையில் பார்த்தால் பக்கத்தில் இவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அரூர் கல்யாணத்துக்குப் பை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பட்டுப்புடவைக்கு முன்னால் மெஷினை உள்ளே வைத்தேன்.

இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மண்டபத்துல எல்லாரும் ஒண்ணாப் படுப்பீங்க. மூஞ்சில இத மாட்டிக்கிட்டா அத்தன பேரும் உன்னையே பாப்பாங்களே?"

"பாக்கட்டுங்க. எங்கம்மாவ யாருமே பாக்கல."