ஊற ஊற வெளுக்கும் படம்

முழங்கையைத் தண்ணீரில் விட்டதும் சடகோபன் கண்ணை மூடிக்கொள்வார். சூடு பார்க்கிறாராம். "கைக்கொழந்தைக்கு ஊத்தற சூடு. ஆங், இது போதும்" என்று முணுமுணுத்துவிட்டு, சாயத் தொட்டிக்குள் நூல் கழிகளை ஒவ்வொன்றாக இறக்குவார். பொதட்டூர்பேட்டையில் லுங்கிக்கு ஓடுகிற நூலில் பாதி, இந்த முழங்கையைக் கேட்டுவிட்டுத்தான் தறிக்குப் போகிறது. பத்து விரலும் எந்நாளும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். ஓட்டுப் போடப் போனால், மை வைக்கிறவர் எந்த விரலில் வைத்தால் தெரியும் என்று திகைத்து உட்கார்ந்துவிடுவார்.

அதே பட்டறை வெந்நீரில்தான் சடகோபன் ஃபிலிமும் கழுவுகிறார்.

கேமராப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணமே நிறம்தான். சாயம் போட்ட நூலை ஃபோனில் படமெடுத்து அனுப்பினால் தறிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "ஃபோன்ல மெரூன் காட்டுன, வந்து எறங்குனது செங்கல்லு!" ஃபோன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றினால் அவர் என்ன செய்வார்? அப்போது யாரோ சொன்னார்கள்: ஸ்லைடு ஃபிலிம் என்று ஒன்று இருக்கிறது, நிறம் ஃபிலிமிலேயே அப்படியே நிற்கும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும். மறுவாரமே சென்னைக்குப் போய் பழைய ரெட்டைக் கண் கேமரா ஒன்றும், காலாவதியான அகல ரோல் மூன்றும் வாங்கிவந்துவிட்டார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

அந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்து, மேலே இருக்கும் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும். எதிரே நிற்பவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் சடகோபன் அந்தப் பக்கம் திரும்புவார். "படம் எடுக்கச் சொன்னா கேமராவுக்குக் கும்புடு போட்டுகினு நிக்கறாரு" என்பாள் மனைவி புஷ்பலதா.

எடுப்பதாவது பரவாயில்லை, கழுவத்தான் வழியில்லை. திருத்தணி ஸ்டூடியோவில் ரோலை வாங்கிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சென்னையில் விசாரித்த இடத்தில், கறுப்பு வெள்ளை மட்டும்தான் என்றார்கள். வடக்கே கூரியர் போட்டால், ரோலைவிடக் கழுவுகிற கூலி அதிகம். "அட, சாயந்தான? நாம போடாத சாயமா!" என்று மருந்துப் பொட்டலங்களைத் தபாலில் வரவழைத்தார். மூன்று மருந்து, ஒன்றன்பின் ஒன்று. ஒரு தடவை கரைத்தால் பல ரோலுக்கு வரும். வெந்நீருக்குப் பட்டறையில் பஞ்சமா? ரோலை இருட்டில் சுற்றி டப்பாவில் அடைக்க, கறுப்புத் துணியை ரெட்டையாக மடித்துப் புஷ்பலதா ஒரு பை தைத்துக் கொடுத்தாள்.

முதல் ரோலை, மருந்தோடு வந்த சீட்டில் போட்ட நேரத்துக்கு மேல் கொஞ்சம் ஊறவிட்டார். வெளிறி வந்தது. நிறம் வெளிறினால் சாயக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் ஊறவிடு. அடுத்த ரோலை முதல் மருந்தில் ரெண்டு பங்கு நேரம் ஊறவைத்தார். அது முதலாவதையும்விட வெளிறியது! மலை, கோபுரம், நூல் கழி எல்லாம் கஞ்சித் தண்ணீரில் விழுந்து எழுந்தது போல இருந்தன.

"ஊற ஊற ஏறணும். இது ஊற ஊற வெளுக்குதே! இன்னா கூத்து இது?" வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டார். தறிக்காரர் ஜெயப்பிரகாஷ், அவர் டப்பாவைக் குலுக்குகிற அழகைப் பார்த்துவிட்டு, "சடகோபா, மில்க் ஷேக் கட எப்ப போட்ட? எனக்கொண்ணு ஊத்து" என்றார். சடகோபனுக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சமிருந்தது ஒரு ரோல். அதில் புஷ்பலதாவின் கூந்தல் இருந்தது.

போன வருஷம் கனகம்மாசத்திரம் ரோட்டில் லாரி இடித்து சடகோபன் நினைவில்லாமல் கிடந்தபோது, இவர் கண் திறந்தால் முடி இறக்குகிறேன் என்று அவள் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. வேண்டுதலை முடித்தது போன வாரம்தான். இறக்குவதற்கு முன்னால் மலைமேல், மெரூன் புடவையில், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் அக்கா கமலா ஃபோனை நீட்டினாள். "ஃபோன் வாணாம், அது பொடவையக் கெடுத்துரும். நான் எடுக்கறன்" என்று தடுத்தவர் இவர்தான். திரும்பும் பஸ்ஸில் அவள் தலையில் சந்தனம், இவர் மடியில் ரோல்.

ரோலைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தொடவே பயந்தார். "கொஞ்சமா ஊறுனாலும் வெளுக்குது. நெறைய ஊறுனா அதவிட வெளுக்குது. நான் இன்னாதான் பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை காலை புஷ்பலதாவே ரோலையும் டப்பாவையும் எடுத்துவந்து எதிரே வைத்தாள்.

"பாவா, ஊறுனா வெளுக்குதுன்னா ஊற வுடாத."

"அப்பறம் சாயம் எப்டி புடிக்கும்?"

"நூலுக்கு மொதல்ல இன்னா பண்ற?"

"பிளீச்சிங்ல போட்டு வெளுப்பேன்."

"அங்க ஊற ஊற கறுக்குதா?"

"அது வெளுக்கற மருந்துடி!"

"இதுல மொதல் மருந்தும் அப்டித்தான்னு வெச்சிக்கோ."

"வெளுக்கறதுக்கு இதுல இன்னும் நெறமே ஏறலயே..."

"எனக்கு மட்டும் தெரியுமா? சீட்டுல போட்ட நேரத்துக்கு எடுத்துடு, அவ்ளோதான்."

விஷயம் கிட்டத்தட்ட அவள் சொன்னதுதான். முதல் மருந்து நிறத்தைச் சேர்ப்பதில்லை. பின்னால் நிறம் ஏறப்போகிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. அளவுக்கு மேல் தின்னவிட்டால் நிறம் ஏற இடமே இருக்காது. சடகோபனுக்கு இது இன்றுவரை முழுசாகப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் அந்தக் கை கேட்டிருக்காது. ரோலை டப்பாவில் அடைத்து முதல் மருந்தை ஊற்றினார். சீட்டு நேரமானதும் அவள் "கொட்டு" என்றாள். "இன்னும் கொஞ்சம்" என்றார். கை டப்பாவை விடவில்லை. வாழ்நாளெல்லாம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றே பழகிய கை!

"முடி போனது உனக்கா எனக்கா?" என்று டப்பாவைப் பிடுங்கிக் கவிழ்த்தாள் புஷ்பலதா. மீதி ரெண்டு மருந்தையும் அவளே ஊற்றினாள். சடகோபன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு மூலையில் குந்தியிருந்தார்.

நூல் காய்கிற மூங்கிலில் ஃபிலிமை மாட்டினார்கள். பல படங்களில் அவள் பாதிதான் இருந்தாள், மீதியில் யாரோ காவடி எடுத்துப் போனார்கள். ஒன்றே ஒன்றில் முழுசாக நின்றாள். கூந்தல் கருகருவென்று, பின்னலின் ஒவ்வொரு முறுக்கும் தெரிய! புடவை மெரூனேதான்.

கமலாவுக்கு உடனே அனுப்ப வேண்டுமே. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் போட்டால் கறுப்புச் சதுரம் வந்தது. வீட்டில் ஒரு ஃபோனின் திரையை வெள்ளையாக்கி, மேலே கண்ணாடித் துண்டு வைத்து, அதன்மேல் ஃபிலிமைப் படுக்கவைத்து இன்னொரு ஃபோனால் எடுத்தார். படம் அழகாக வந்தது. புடவை மட்டும் செங்கல்.

சடகோபன் அந்தப் புடவையையே கொண்டுவந்து வாசல் வெயிலில் விரித்தார். ஃபோனில் ஒன்று, ஃபிலிமில் ஒன்று. வெயிலில் கிடந்த புடவையோ ரெண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

"இதுல எது நெசம், புஷ்பா?"

"முடி கறுப்பா கீதா?"

"கீது."

"அப்ப வுடு."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃபிலிமை வானத்துக்கு நேரே பிடித்து மறுபடி பார்த்தார். பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நின்றவளின் மொட்டைத் தலைமேல் மற்றக் கையை வைத்தார். காலையில் பூசிய சந்தனத்தில் நீல விரல்கள் பதிந்தன. அந்தக் கை அங்கேயே நிற்காமல் பின்கழுத்துக்கு வந்து, அங்கிருந்து வெறும் காற்றில், அவள் இடுப்புக்குக் கீழே வரை, மெல்ல இறங்கியது.