வெட்டாமல் அனுப்பிய பாடம்

சாலை விபத்துக்குப் பிறகு என் மகளுக்குச் சொற்கள் தாமதமாகத்தான் வருகின்றன. பேச்சின் நடுவே நிற்பாள், தேடுவாள், சரியான சொல்லைப் பிடித்துவிடுவாள். அவள் நிற்கும்போதெல்லாம் அந்தச் சொல்லை நானே எடுத்துக் கொடுக்கப் பார்ப்பேன்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு, பாடம் நடத்தும் வீடியோ கேட்டார்கள். எடுத்து, காளவாசலில் எடிட்டிங் செய்யும் பையனிடம் கொடுத்தோம்.

“அண்ணே, சத்தம் இல்லாத கேப்பெல்லாம் சாஃப்ட்வேரே தூக்கிருச்சு. பாருங்க, தங்கச்சி பட்டாசு மாதிரி பேசுது!”

பார்த்தேன். விபத்துக்கு முந்தைய மகள் பேசினாள். அனுப்பிவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் கேட்டாள்.

“கிளாஸ்ல நான் நின்னா... அதை... யாருப்பா வெட்டுவா?”

பையன் தலையைச் சொறிந்தான். “இம்புட்டு கேப்போட அனுப்புனா வேலை கிடைக்காதுண்ணே.”

“கிடைக்காட்டிப் போகுது. வெட்டுனதை எல்லாம் திரும்பச் சேரு தம்பி.”

சொன்னது நான்தான். சேர்த்தான். திரையில் மகள் ஒரு சொல்லுக்காக நின்றாள். நின்ற நேரத்தில் பலகையில் ஓர் இலையை வரைந்தாள். பிறகு திரும்பி, “பச்சையம்” என்றாள்.

அப்படியே அனுப்பினோம். பொறுமை இல்லாதவர்கள் பாதியில் நிறுத்திக்கொள்ளட்டும்.