இரவல் வீட்டில் பெண் பார்த்தது

எங்கள் காலனியின் பெயரைச் சொன்னால் கோயமுத்தூரில் ஆட்டோக்காரர்கூட ஏற இறங்கப் பார்ப்பார். எப்போதோ யாரோ செய்த வெட்டுக்குத்துக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து சுமந்த பெயர் அது. அதனால் எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், நல்ல பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டை அன்றைக்கு மட்டும் நம் வீடாக்கிக்கொள்வார்கள்.

அக்காவுக்கு வரன் வந்தபோது சாய்பாபா காலனியில் இருந்த சின்னம்மா வீடு எங்களுக்கு வாய்த்தது. மொசைக் தரை, சோபா, எல்லாவற்றுக்கும் மேல் சின்னம்மா மகளுக்கென்று தனி அறை. அவளுக்கும் என்னைப் போல எட்டு வயதுதான். அவளுக்கு மட்டும் ஏன் இதெல்லாம் என்று எனக்கு வயிறு எரியும். அன்றைக்கு அவளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய கவுனைப் போட்டுக்கொண்டு, அவளுடைய சோபாவில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அவள் கதவோரம் நின்று முறைத்தாள். இத்தனை நாள் நான் பட்டதை இன்றைக்கு நீ படு என்றிருந்தது.

கேசரி சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளையின் அம்மா, "கை எங்க கழுவறது கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். வீட்டுக்காரியின் மிடுக்கோடு அழைத்துப் போய், ஒரே மாதிரி இருந்த இரண்டு கதவில் ஒன்றைத் திறந்தேன். உள்ளே அரிசி மூட்டையும் ஓட்டை சைக்கிளும் இருந்தன.

பக்கத்து வீட்டுப் பெண்ணால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "அது இல்லீங்க, எங்க ஊட்டு பாத்ரூம் இந்தப் பக்கமுங்க" என்றாள்.

குழந்தை விளையாடுகிறாள் என்று அம்மா சமாளிக்கப் பார்த்தாள். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "இது எங்க சின்னம்மா ஊடுங்க" என்று ஆரம்பித்து, எங்கள் காலனியின் பெயரையும் தெருவையும் நிதானமாகச் சொன்னாள். வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். "போயிட்டு வாரோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இனி வரமாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நான் விக்கி விக்கி அழுதேன். கவுனைச் சின்னம்மா மகள் அப்போதே கழற்றி வாங்கிக்கொண்டுவிட்டாள். அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரமாவது இருந்திருக்கலாம். அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னை அணைத்துக்கொண்டு தானும் அழுதாள்.

"நீ பேசாம இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும் அம்மணி" என்றாள் அக்காவிடம்.

"முடிஞ்சிருக்குங்கம்மா. அப்பறம் பொறந்த ஊட்டுக்குன்னு நான் எங்க வாரது?"

இதுகூடத் தெரியாதா, சின்னம்மா வீட்டுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். காலமெல்லாம் அந்த மொசைக் வீட்டுக்கு வந்து போகும் யோகம் எனக்கு மட்டும் கிடைத்திருந்தால் நான் மூச்சே விட்டிருக்கமாட்டேன்.