காலிப் படகில் இருப்பவன்

தீவில் கராச்சர்மா என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் ஒரு அம்மா. ஒல்லியான உடம்பு, கொண்டையில் செருகிய பென்சில். அலமாரியில் எத்தனை புதுசு இருந்தாலும் பிள்ளைகள் ஒரு பழைய படப் புத்தகத்தைத்தான் கேட்பார்கள். விரித்துக் கொடுத்துவிட்டு அவர் பிள்ளையின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதில் ஒரு கடற்கரைப் படம். அதிலுள்ள படகின் மேல் பிள்ளைகள் விரல் வைத்து வைத்து அந்த இடமே தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.

"இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இப்படித்தான் சார். மெயின்லேண்ட்லேர்ந்து இதே புத்தகம் புதுசா ஒண்ணு வந்திருக்கு, பாருங்க."

புதுப் புத்தகத்தில் அந்த இடத்தில் வெறும் காலிப் படகு. அன்று முதன்முறையாக என்னோடு வந்திருந்த நான்கு வயது மகளிடம் அதைக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே போனவள், அந்தப் படகின் மேல் விரலை வைத்துச் சிரித்தாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்கான் பேட்டா?" அந்த அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நம்மளப் பார்த்து."

புத்தகத்தை மூடிவிட்டு, வண்டூரில் படகு ஓட்டும் கணவருக்குப் போன் போட்டார். "இன்னைக்கு போட்டை இறக்காதீங்க." அவ்வளவுதான். கணவரும் ஏன் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

அன்று முழுக்கக் கடல் அமைதியாகவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் போன மாதம் ஊருக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கக் கிளம்பியவன், மகளைக் கூட்டிக்கொண்டு முதலில் நூலகத்துக்குத்தான் போனேன். நான் கேட்குமுன்பே அந்த அம்மா அந்தப் பக்கத்தை விரித்தார்.