இடி இடித்தால் பிடுங்கப்படும் பிளக்

வானத்தைப் பற்றித் தையல்காரிக்குத் தெரிந்தது ஒன்றுதான். கறுத்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும். அவள் வீட்டு மொட்டைமாடியில்தான் நாத்தனார் தன் கருவியை வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேலே கவிழ்த்த சட்டி மாதிரி ஓர் ஆன்டெனா, கீழே தையல் மிஷின் பக்கத்தில் ஒரு பெட்டி. செல்போனுக்கு வழி காட்டும் செயற்கைக்கோள்களின் சிக்னலை அது பிடிக்கும். இடிமழையின்போது அந்த சிக்னல் வரும் வழியில் என்ன நடக்கிறது என்பதுதான் நாத்தனாரின் ஆராய்ச்சி.

ஆனால் மழை பெய்த நாளிலெல்லாம் பதிவில் ஓட்டை. மழைக்காலமோ முடியப் போகிறது. ஒரு இடிமழையாவது பதிவாகாவிட்டால் கருவியைக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், ஆராய்ச்சியும் அத்தோடு சரி. பெட்டியைப் பிரித்துப் பார்க்க ஸ்க்ரூடிரைவரோடு நாத்தனார் வந்து இறங்கினாள்.

"இடி இடிச்சா மட்டும் இது செத்துப் போகுது அண்ணி. ஏன்னே புரியல."

"செத்தும் போகல, மண்ணும் போகல. நான்தான் பிளக்கைப் புடுங்கிடுவேன்," என்றாள் தையல்காரி, காஜா எடுத்துக்கொண்டே. "இடிக்கு ஒரு டிவியைப் பலி கொடுத்த ஆளு உங்கண்ணன். உன் சாமானையும் பொசுங்க விட்டுட்டு உங்கிட்ட பேச்சு வாங்கவா?"

நாத்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இடியைப் பாக்கத்தானே வெச்சேன் அண்ணி."

"அதைச் சொன்னியா நீ? பத்திரமா பாத்துக்கங்கன்னு சொன்ன. பாத்துக்கிட்டேன்."

அன்று பிற்பகலே மேகம் திரண்டது. முதல் இடிக்குத் தையல்காரியின் கை தானாகப் பிளக்குக்குப் போனது.

"இடிதாங்கி போட்டிருக்கேன், ஒன்னும் ஆகாது."

"உன் வாய் சொல்லுது. என் கை கேக்க மாட்டேங்குதே." இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர அதிர இடித்துத் தீர்த்துவிட்டு மழை போனது. வெயிலும் வந்தது. நாத்தனாரின் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோளுக்கு ஒன்றாகக் கோடுகள் ஆடாமல் அசையாமல் ஓடின.

"இந்தக் கோட்டுக்கா என்னைக் கட்டிப் போட்ட மாதிரி உக்கார வெச்ச?"

"பொறுங்க. மேகம் பொங்கி எழுந்த வேகத்துல காத்துல அலை கிளம்பியிருக்கும். அது மேல ஏறிப் போகவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும்."

"எம்புட்டு மேல?"

"விமானம் பறக்குற உயரத்தை முப்பது தடவை அடுக்குங்க. அங்க வெயில் பட்டு மின்சாரம் ஏறின படலம் ஒன்னு இருக்கு. அலை அதை ஆட்டும். அதுக்குள்ள பூந்து வர்ற சிக்னல் சேர்ற நேரம் துளி முன்னப்பின்ன ஆகும்."

தையல்காரி நம்பவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு கோடு லேசாக நெளிந்தது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கொஞ்ச நேரத்தில் அடுத்த செயற்கைக்கோளின் கோடும் நெளிந்தது, பிறகு இன்னொன்று. குளத்தில் பரவும் அலை படகு படகாகத் தூக்கிவிட்டுப் போவது போல. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"இப்பவா? நம்ம தலைக்கு மேலயா?" தையல்காரியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"இப்பதான் அண்ணி."

கையெல்லாம் மயிர்க்கூச்செறியத் தையல்காரி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். அலசிப் பிழிந்த நீலம், ஒரு சலனமில்லை. தெருவில் ஜனங்கள் தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ரவிக்கை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரியும் கூட நின்று அண்ணாந்தாள்.

"என்னக்கா தெரியுது? எனக்கு ஒன்னும் தெரியலையே."

"இங்க நின்னா தெரியாதுடி," என்று அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள் தையல்காரி.